மாற்றிப் பார்ப்பது கண்டுபிடிப்பது ஆகாது

பழைய பைக்குகளில் எல்லோரையும் அலைக்கழிக்கும் கோளாறு ஒன்று உண்டு. வண்டி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்; திடீரென்று மிஸ்ஸிங் அடிக்கும், அல்லது சொல்லாமல் கொள்ளாமல் அணைந்துவிடும். கால் மணி நேரம் நிழலில் நிறுத்திவிட்டு உதைத்தால் ஒன்றுமே நடக்காததுபோல் ஒரே கிக்கில் எழுந்துகொள்ளும். புல்லட்டோ, ஆர்எக்ஸ் 100-ஓ, எஸ்டியோ, இப்படிப்பட்ட வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்துகிறவருக்குப் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கிறது: முதலில் பிளக்கை மாற்றிப் பார்ப்போம், கேட்காவிட்டால் காயில், அதற்கும் கேட்காவிட்டால் கண்டென்சர் அல்லது சி.டி.ஐ. எனும் எலெக்ட்ரானிக் பெட்டி. இந்தப் பதிலுக்குப் பின்னால் ஒரு கருத்து இருக்கிறது. விட்டுவிட்டு வரும் கோளாறு கையில் அகப்படாது, வண்டி நிற்கும்போது எதை அளந்தாலும் சரியாகவே காட்டும், ஆகவே சந்தேகத்துக்குரிய பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றி வருவதே அனுபவசாலியின் வழி என்பது அந்தக் கருத்து. மெக்கானிக்குகள் மட்டுமல்ல, வண்டி வைத்திருப்பவர்களும் இதையே நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை தவறு என்பதே என் வாதம். விட்டுவிட்டு வரும் இக்னிஷன் கோளாறுக்குப் பாகம் மாற்றிப் பார்ப்பது மற்ற எந்தக் கோளாறையும்விடப் பொருந்தாத வழி. அந்தக் கோளாறைப் பிடிக்கத் தேவையான தடயத்தை வண்டியே தருகிறது. அது எப்போது வருகிறது, எப்போது வருவதில்லை என்பதுதான் அந்தத் தடயம்.

முதலில் தர்க்கத்தைப் பார்ப்போம். எப்போதும் இருக்கும் கோளாறு வேறு, வந்து போகும் கோளாறு வேறு. உதைத்தால் ஸ்டார்ட்டே ஆகாத வண்டியில் காயிலை மாற்றியதும் ஸ்டார்ட் ஆனால், காயில்தான் காரணம் என்று ஓரளவு நம்பலாம். ஆனால் மூன்று பயணத்துக்கு ஒரு முறை அணைந்துவிடும் வண்டியில் காயிலை மாற்றிய பிறகு மூன்று பயணம் சிக்கலில்லாமல் போய்வந்தால் அது எதைக் காட்டுகிறது? எதையும் மாற்றாமல் விட்டிருந்தாலும், ஒவ்வொரு பயணத்திலும் தப்பிக்கும் வாய்ப்பு மூன்றில் இரண்டு என்று கொண்டால், தொடர்ந்து மூன்று முறை தப்பிக்கும் வாய்ப்பு 27-ல் 8. அதாவது ஏறக்குறைய 30 சதவீதம். பாகம் மாற்றியதால் சரியானது என்று ஓரளவு உறுதியோடு சொல்லக் குறைந்தது பத்துப் பயணமாவது கோளாறு தலைகாட்டாமல் இருக்க வேண்டும். அப்போதுதான் தற்செயலுக்கான வாய்ப்பு 2 சதவீதத்துக்குக் கீழே இறங்கும். பட்டறைக்கு எதிரே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து “சரியாயிடுச்சு” என்று சாவியைக் கொடுக்கும் பழக்கத்துக்கு இந்தக் கணக்கு இடமே கொடுக்காது. முறைசுரம் கண்டவருக்குக் காய்ச்சல் விட்ட நாளில் எந்தக் கஷாயம் கொடுத்தாலும் அந்தக் கஷாயத்துக்கே பெயர் கிடைக்கும். வந்து போகும் கோளாறில் கடைசியாக மாற்றிய பாகத்துக்குப் பெயர் கிடைப்பதும் அப்படித்தான்.

தர்க்கத்தின் இன்னொரு ஓட்டை இதைவிடப் பெரியது. ஒரு பாகத்தை மாற்றுகிறவர் அந்தப் பாகத்தை மட்டும் மாற்றுவதில்லை. பழைய காயிலைக் கழற்ற வயர்களின் கனெக்டரைப் பிடுங்குகிறார். காயிலைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் போல்டை அவிழ்க்கிறார். பிளக் கேப்பைத் திருகி எடுக்கிறார். திரும்ப மாட்டும்போது பச்சை பூத்திருந்த கனெக்டர் முனை உரசிச் சுத்தமாகிறது, தளர்ந்திருந்த எர்த் இறுகுகிறது, கேப்புக்குள் கறுத்துப்போயிருந்த வயர் முனை புதிய இடத்தில் பிடித்துக்கொள்கிறது. உண்மையான காரணம் இவற்றில் ஒன்றாக இருந்தால் வண்டி சரியாகிவிடும், புகழ் மட்டும் புதிய காயிலுக்குப் போய்ச் சேரும். சில மாதங்களில் கனெக்டரில் மறுபடியும் பச்சை பூத்ததும் கோளாறு திரும்பி வரும். அப்போது “புதுக் காயிலும் போயிடுச்சு” என்ற முடிவுக்கு வருவோம். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க ஒரே வழி பழைய பாகத்தைத் திரும்பப் போட்டுப் பார்ப்பது. பழையதைப் போட்டதும் கோளாறு வந்து, புதியதைப் போட்டதும் போனால் அந்தப் பாகம் குற்றவாளி. பழையதைத் திரும்பப் போட்டும் வண்டி நன்றாகவே ஓடினால், சரி செய்தது பாகம் அல்ல, கழற்றி மாட்டிய கை. இந்த எளிய சோதனையைச் செய்கிறவர்கள் மிகக் குறைவு. பழைய பாகம் அதற்குள் குப்பைத் தொட்டிக்குப் போயிருக்கும்.

அடுத்து, அறிகுறியை வைத்து நேரே பாகத்தின் பெயரைச் சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை. “சூடானதும் நிக்குதா? காயில்தான்” என்பது நாடறிந்த வாக்கு. காயில் சூட்டில் தோற்பது உண்மையே. உள்ளே தலைமயிரைப்போல மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றப்பட்டிருக்கிறது. எங்காவது அது விரிசல் கண்டிருந்தால், சூட்டில் விரிந்து முனைகள் விலகும், ஆறியதும் மீண்டும் தொட்டுக்கொள்ளும். வயரின் மேல்பூச்சு வலுவிழந்திருந்தால் மின்சாரம் உள்ளுக்குள்ளேயே குறுக்கு வழியில் பாய்ந்துவிடும். ஆனால் சூட்டில் தோற்பது காயில் மட்டுமா? பாயின்ட் (காயிலுக்குப் போகும் கரண்டைத் திறந்து மூடும் தொடுமுனை) உள்ள வண்டியில் கண்டென்சரும் சூட்டில் கசியத் தொடங்கும். அப்போதும் வண்டி அணையும், ஆறினால் எழும். சி.டி.ஐ. வண்டியில் மேக்னெட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பல்சர் காயில், இன்ஜின் சூட்டுக்கு நடுவிலேயே குடியிருக்கிறது. அதுவும் இதையேதான் செய்யும். இவை மூன்றுக்கும் சம்பந்தமே இல்லாத நான்காவது ஒன்று உண்டு: பெட்ரோல் டேங்க் மூடியில் இருக்கும் காற்றுத் துளை. அது அடைபட்டால் பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள் வெற்றிடம் உருவாகி, கார்புரேட்டருக்கு வரும் பெட்ரோல் குறைந்து வண்டி நின்றுவிடும். சற்று நேரத்தில் காற்று எப்படியோ உள்ளே கசிந்து வண்டி மறுபடி ஓடும். கால் மணி நேர ஓய்வுக்குப் பிறகு எழுந்துகொள்ளும் வண்டி என்ற ஒரே அறிகுறிக்கு இப்படி நான்கு காரணங்கள். அவற்றில் ஒன்று இக்னிஷனே அல்ல. நின்ற உடனே டேங்க் மூடியைத் திறந்தால் “உஸ்” என்று காற்று இழுக்கிறதா என்று கவனித்தாலே போதும், காயில் விலை மிச்சமாகும்.

ஆகவே அறிகுறியின் பெயர் போதாது. அது வரும் சூழ்நிலையையும் வரும் விதத்தையும் கேட்க வேண்டும். பெட்ரோல் தடைபட்டால் இன்ஜின் இழுவை குறைந்து, திணறி, சோக் போட்டால் சில விநாடி தாக்குப்பிடித்து மெதுவாகச் சாகும். கரண்ட் வெட்டுப்பட்டால் சாவியைத் திருப்பியதுபோல் ஒரே கணத்தில் அடங்கும். அரை விநாடி வெட்டுப்பட்டு மீண்டும் வந்தால் சைலன்சரில் “டப்” என்று வெடிக்கும். எரியாமல் போன பெட்ரோல் ஆவி சைலன்சரில் சேர்ந்து, மறுபடி வந்த நெருப்பில் பற்றிக்கொள்வதால் வரும் சத்தம் அது. இப்படி வெட்டுப்பட்டு வந்தால் இக்னிஷன் சுவிட்ச், பேட்டரி முனை, கனெக்டர், எர்த் என்று கரண்ட் வரும் பாதையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மழையிலோ வண்டி கழுவிய பிறகோ மட்டும் வந்தால், சந்தேகம் பிளக் கேப்பிலும் பிளக் வயரிலும் விழ வேண்டும். ஹேண்டில்பாரை ஒரு பக்கம் முழுவதும் திருப்பும்போது மட்டும் வந்தால், ஹெட்லைட்டுக்குப் பின்னால் வயரிங் வளையும் இடத்தில், மேலுறை முழுசாக இருக்க உள்ளே செம்பு அறுந்திருக்கிறது. பள்ளத்தில் இறங்கும்போது மட்டும் வந்தால் அது லூஸ் காண்டாக்ட். பெயின்ட் அடித்து வந்த பிறகு வந்தால் எர்த். பழைய வண்டிகளைப் புதுப்பிக்கும் ஆசை பெருகியிருக்கும் இந்நாளில் இந்தக் கடைசிக் காரணத்துக்குத் தனிக் கவனம் தேவை. சட்டத்துக்குப் பவுடர் கோட்டிங் போட்டுப் பளபளவென்று கொண்டுவருகிறார்கள்; காயிலும் வயரிங்கும் எர்த் எடுக்கும் இடத்தில் அந்தப் பூச்சைச் சுரண்டிவிட மறந்துவிடுகிறார்கள். கரண்டுக்குத் திரும்பிப் போகப் பாதை இல்லாமல் போகிறது. அந்த வண்டிக்கு எத்தனை காயில் மாற்றினாலும் பயனில்லை.

இவையெல்லாம் ஊகம்தானே என்று கேட்கலாம். ஊகத்தை உறுதியாக்கும் கருவி பல பழைய வண்டிகளில் ஏற்கெனவே பொருத்தப்பட்டிருக்கிறது. பாயின்ட் உள்ள பழைய புல்லட்டின் ஹெட்லைட்டுக்கு மேலே இருக்கும் ஆம்பியர் மீட்டரை எடுத்துக்கொள்வோம். சாவியைத் திறந்து கிக்கரை மெதுவாக அழுத்தினால் முள் மைனஸ் பக்கம் சாயும். இன்னும் அழுத்தினால் நடுவுக்கு வரும். முள் நடுவுக்கு வந்ததும் உதைக்க வேண்டும் என்பது புல்லட் ஓட்டுகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பாடம். அந்த முள் என்ன சொல்கிறது என்பதைத்தான் பலர் யோசிப்பதில்லை. பாயின்ட் மூடியிருக்கும்போது பேட்டரியிலிருந்து காயிலுக்குச் சில ஆம்பியர் ஓடுகிறது, அதுதான் சாய்வு. பாயின்ட் திறந்ததும் ஓட்டம் நிற்கிறது, அதுதான் நடு. காயிலின் முதன்மைச் சுற்று முழுவதும் அந்த முள்ளில் தெரிகிறது. வண்டி நடுவழியில் நின்ற உடனே, எதையும் தொடாமல், விளக்குகளை அணைத்துவிட்டு, சாவியைத் திறந்து கிக்கரை அழுத்திப் பாருங்கள். முள் ஆடவே ஆடாமல் நடுவிலேயே நின்றால் காயிலுக்குக் கரண்ட் ஓடவில்லை: சுவிட்ச், வயர், பேட்டரி முனை, அல்லது அழுக்கேறி ஒட்டாமல் நிற்கும் பாயின்ட். முள் மைனஸிலேயே சிக்கிக்கொண்டால் பாயின்ட் திறக்கவில்லை, அல்லது பாயின்டுக்குப் போகும் வயரோ கண்டென்சரோ எர்த்தில் மோதியிருக்கிறது. முள் ஒழுங்காகச் சாய்ந்து நடுவுக்கு வந்தால் இந்தப் பாதையில் பெரிய பழுதில்லை. தேடலைக் கண்டென்சரின் கசிவு, காயிலின் உள்சுற்று, பிளக் வயர், பிளக், பெட்ரோல் என்று நகர்த்தலாம். ஒரு ரூபாய் செலவில்லாமல் சந்தேகப் பட்டியல் பாதியாகக் குறைகிறது. ஆம்பியர் மீட்டர் இல்லாத, ஆனால் பேட்டரியில் இக்னிஷன் ஓடும் வண்டிக்கு, காயிலுக்குக் கரண்ட் வரும் வயரிலிருந்து எர்த்துக்கு ஒரு சின்ன டெஸ்ட் பல்பை இணைத்து ஹேண்டில்பாரில் கட்டிக்கொண்டு ஓட்டினால் போதும். வண்டி அணையும்போது பல்பும் அணைந்தால் கரண்ட் வரும் வழியில் பழுது. பல்பு எரிந்துகொண்டே இருந்தால் அதற்கு அப்பால்.

வண்டியின் இக்னிஷன் முறை மாறினால் சோதனையும் மாறும். மாற்றிப் பார்க்கும் பழக்கம் கவனிக்கத் தவறும் இடம் இது. 1985-ல் வந்து 1996 வரை உற்பத்தியான யமஹா ஆர்எக்ஸ் 100-ல் பாயின்ட் கிடையாது. மேக்னெட்டுக்குள் இருக்கும் ஒரு காயில் தானே மின்சாரம் தயாரித்து சி.டி.ஐ.-க்கு அனுப்புகிறது, பேட்டரி செத்திருந்தாலும் வண்டி ஸ்டார்ட் ஆகும். புல்லட்டில் சாவி கரண்டைக் கொடுக்கிறது. இங்கே சாவியை மூடும்போது சி.டி.ஐ.-யிலிருந்து வரும் ஒரு வயர் எர்த்தோடு சேர்ந்து இன்ஜினை நிறுத்துகிறது. ஆகவே புல்லட்டில் சுவிட்சைச் சந்தேகித்தால் பேட்டரியிலிருந்து காயிலுக்கு நேர் வயர் கொடுத்துப் பார்க்க வேண்டும். ஆர்எக்ஸில் அந்த நிறுத்தும் வயரை, யமஹாவில் பொதுவாகக் கருப்பில் வெள்ளைக் கோடு போட்டதை, சி.டி.ஐ. பக்கம் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு வண்டியைச் சாவியால் நிறுத்த முடியாது. கியரில் வைத்து பிரேக்கை அழுத்திக் கிளட்ச்சை விட்டுத்தான் நிறுத்த வேண்டும் என்பதை நினைவில் கொள்ளவும். வயரைக் கழற்றிய பிறகு கோளாறு அடியோடு போய்விட்டால் சி.டி.ஐ., காயில், மேக்னெட் எல்லாமே நிரபராதிகள். குற்றம் சாவி சுவிட்சிலோ அதற்குப் போகும் வயரிலோ இருக்கிறது. சுவிட்சுக்குள் ஈரமும் அழுக்கும் சேர்ந்து லேசாக எர்த் ஆகும் ஆர்எக்ஸில் எத்தனை சி.டி.ஐ. மாற்றினாலும் அது நின்றுகொண்டேதான் இருக்கும். ஒரே ஒரு கனெக்டரைக் கழற்றினால் தெரிந்துவிடும் விஷயம் இது.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். முதல் மறுப்பு: “பிளக்கைக் கழற்றி ஹெட்டில் வைத்து உதைத்தால் ஸ்பார்க் வருகிறது, ஆகவே இக்னிஷன் சரி.” வெளியே வரும் ஸ்பார்க் உள்ளேயும் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஒரு இடைவெளியை மின்பொறி தாண்டத் தேவையான அழுத்தம், இடைவெளியின் அளவோடு அங்குள்ள காற்றின் அடர்த்தியையும் பொறுத்தது. ஜெர்மன் இயற்பியலாளர் ஃபிரீட்ரிக் பாஷன் 1889-லேயே இதை விதியாக வகுத்தார். திறந்த வெளியில் அரை மில்லிமீட்டரை எளிதாகத் தாண்டும் பலவீனமான காயில், பிஸ்டன் அழுத்திய கலவைக்கு நடுவே தோற்றுவிடும். ஆக்சிலரேட்டரை முறுக்கினால் மட்டும் மிஸ்ஸிங் அடிப்பதற்கு இது ஒரு காரணம். உள்ளே கலவை நிறைய நிறையத் தேவைப்படும் மின்னழுத்தம் கூடுகிறது. ஸ்பார்க்கைச் சோதிப்பதென்றால், இடைவெளியை மாற்றியமைக்கும் ஸ்பார்க் டெஸ்டரை எர்த்தோடு சேர்த்து வைத்து, பல ஜப்பானிய சர்வீஸ் மேனுவல்கள் சொல்லும் 6 மில்லிமீட்டரை விடாமல் தாண்டுகிறதா என்று பார்க்க வேண்டும். பிளக் வயரை எர்த் இல்லாமல் தொங்கவிட்டு உதைக்கக் கூடாது. போக வழியில்லாத மின்னழுத்தம் காயிலின் உள்பூச்சைத் துளைத்துவிடும். பெட்ரோல் வாடை இருக்கும் இடத்தில் இந்தச் சோதனையே வேண்டாம்.

இரண்டாவது மறுப்பு எதிர்த் திசையிலிருந்து வருகிறது: “மல்டிமீட்டரால் அளந்தாயிற்று; எல்லாம் சரியாகக் காட்டுகிறது; ஆகவே மாற்றித்தான் பார்க்க வேண்டும்.” அளப்பதைப் போற்றுகிற நானும் இந்த மீட்டர் வாசிப்பை முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ள மாட்டேன். சில வோல்ட் பேட்டரியில் ஓடும் மீட்டர், ஆயிரக்கணக்கான வோல்ட்டில் மட்டும் உடையும் பூச்சைக் காட்டிக்கொடுக்காது. ஆறிய காயிலில் எடுத்த அளவு, சூட்டில் பிரியும் கம்பியைச் சொல்லாது. சூட்டில் அளந்தாலும் தவறாகப் படிக்க வாய்ப்புண்டு: செம்பின் தடை ஒரு டிகிரிக்கு 0.39 சதவீதம் கூடும்; 60 டிகிரி ஏறினால் ஏறக்குறைய 23 சதவீதம். ஆறியபோது 3 ஓம் காட்டிய சுற்று சூட்டில் 3.7 காட்டினால் அது இயற்கை, பழுதல்ல. முள்ளோ எண்ணோ முடிவிலிக்குப் பாய்ந்தால்தான் பழுது. மீட்டரை எங்கே பயன்படுத்தலாம் என்றால், கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது இணைப்புகளின் இரு பக்கத்திலும் வைத்து எவ்வளவு வோல்ட் இழக்கிறது என்று பார்க்கலாம். மூடியிருக்கும் பாயின்டின் குறுக்கே கால் வோல்ட்டுக்கு மேல் இழந்தால் அழுக்கோ தேய்மானமோ உண்டு என்று தயங்காமல் சொல்லலாம். ஆக, மீட்டர் பயனற்றது என்பதல்ல. கோளாறு இல்லாத நேரத்தில் எடுத்த எந்த அளவும் கோளாறைப் பற்றி அதிகம் பேசாது என்பதே விஷயம்.

அப்படியானால் மூன்றாவது மறுப்பு எழும், இதுதான் வலுவானது: “பட்டறைக்கு வந்ததும் கோளாறு ஒளிந்துகொள்கிறதே, எப்படிப் பிடிப்பது?” காத்திருந்தால் பிடிக்க முடியாது, உண்மை. ஆனால் வரவழைக்கலாம். சூட்டில் வரும் கோளாறுக்குச் சூடு கொடுங்கள்: இன்ஜின் ஐடிலில் ஓடும்போது ஹேர் டிரையரால் காயிலை மட்டும், பிறகு கண்டென்சர் இருக்கும் இடத்தை மட்டும், பிறகு சி.டி.ஐ.-யை மட்டும் தனித்தனியே சூடாக்கினால், எதைச் சூடாக்கும்போது அணைகிறதோ அதுவே முதல் சந்தேகம். நடுவழியில் நின்ற வண்டிக்கு இதைத் தலைகீழாகச் செய்யலாம். ஈரத் துணியைக் காயிலின் மேல் மட்டும் போட்டு, மற்றவை சூடாக இருக்கும்போதே உதைத்துப் பார்க்கலாம். ஈரத்தில் வரும் கோளாறுக்கு, இருட்டிய பிறகு பிளக் கேப்பிலும் வயரிலும் லேசாகத் தண்ணீர் தெளித்து இன்ஜினை ஓட விட்டால், கசியும் இடத்தில் நீல நிறத்தில் பொறி ஊர்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஓடும்போது கை வைக்காமல் இருந்தால் போதும். அசைவில் வரும் கோளாறுக்கு ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுக்கத் திருப்புங்கள், வயரிங்கை அங்குலம் அங்குலமாக வளைத்துப் பாருங்கள், சாவியைத் துளைக்குள்ளேயே லேசாக ஆட்டுங்கள். எதைத் தொடும்போது இன்ஜின் சத்தம் மாறுகிறதோ அங்கே நில்லுங்கள். இவற்றுக்கு அரை மணி நேரம் ஆகும். பாகம் வாங்கிவரச் சென்னையின் ஜெனரல் பாட்டர்ஸ் சாலைக்கோ புதுப்பேட்டைக்கோ போய்வர ஆகும் நேரம் இதைவிட அதிகம்.

நான்காவது மறுப்பு நவீனத்தின் பெயரால் வருகிறது: “பாயின்டையே தூக்கிவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் போட்டுவிட்டால் தொல்லை தீரும்.” எலெக்ட்ரானிக் முறை மேலானது என்பதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. பாயின்டின் கால் தேயத் தேய இடைவெளி குறைந்து டைமிங் பின்தங்கும். எலெக்ட்ரானிக் முறையில் அந்தத் தேய்மானம் கிடையாது. ராயல் என்ஃபீல்டும் பிற்பாடு அதற்குத்தான் மாறியது. ஆனால் மேம்படுத்துவது வேறு, பழுது கண்டுபிடிப்பது வேறு. இந்த மாற்றம் நீக்குவது பாயின்டையும் கண்டென்சரையும் மட்டும். தேய்ந்த சாவி சுவிட்ச், தளர்ந்த பேட்டரி முனை, பூச்சுக்குள் புதைந்த எர்த், அறுந்த வயரிங், விரிசல் விட்ட பிளக் கேப் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். கோளாறு அவற்றில் ஒன்றென்றால், புதிய கிட்டைப் போட்ட வண்டியும் அதே இடத்தில் நிற்கும். அப்போது சந்தேகப் பட்டியலில் உள்ளே திறந்து பார்க்க முடியாத ஒரு பெட்டியும் சேர்ந்திருக்கும். பாயின்ட் அழுக்கானால் உப்புத்தாளால் தேய்த்து, துணியால் துடைத்து, ஃபீலர் கேஜ் வைத்து இடைவெளியைச் சரிசெய்துகொண்டு வீடு போய்ச் சேரலாம். பெட்டி போனால் லாரி தேட வேண்டும். முதலில் பழுதைக் கண்டுபிடித்துத் தீர்த்துவிட்டு, பிறகு விரும்பினால் மாற்றுங்கள். வரிசை தலைகீழாகக் கூடாது.

கடைசி மறுப்பு காசைப் பற்றியது: “பாகம் மலிவு, மெக்கானிக்கின் நேரம் விலை கூடியது, யோசித்துக்கொண்டிருப்பதைவிட மாற்றிவிடுவதே லாபம்.” கண்டென்சருக்கும் பிளக்குக்கும் இது ஓரளவு பொருந்தும், பழசைப் பத்திரமாக வைத்துக்கொண்டு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிச் சோதிப்பதில் தவறில்லை. ஆனால் ஏணி அங்கே நிற்பதில்லை. பிளக்கிலிருந்து கேப், கேப்பிலிருந்து காயில், காயிலிலிருந்து சி.டி.ஐ., அங்கிருந்து மேக்னெட் காயில் என்று ஏறிக்கொண்டே போகும். ஒவ்வொரு படியிலும் பணம் போகும், கோளாறு மட்டும் போகாது. இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று இருக்கிறது. உற்பத்தி நின்று ஆண்டுக்கணக்காகிவிட்ட வண்டிகளுக்கு அசல் பாகம் எளிதில் கிடைப்பதில்லை. சந்தையில் அசலைப் போலத் தோற்றமளிக்கும் தரக்குறைவான பாகங்கள் ஏராளம். நிரபராதியான அசல் காயிலைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, தரம் தெரியாத ஒன்றை மாட்டுகிறோம். கோளாறு தீரவில்லை என்பதோடு, வண்டியில் இல்லாத புதுக் கோளாறு ஒன்றும் வந்து சேர்கிறது. அதன் பிறகு எது பழைய பழுது, எது புதியது என்று பிரித்தறிவது மெய்யாகவே கடினம். மாற்றிப் பார்த்து மாற்றிப் பார்த்தே பல நல்ல வண்டிகள் “இனி ஆகாது” என்று மூலையில் தள்ளப்படுகின்றன.

இந்தப் பழக்கத்துக்கு மெக்கானிக்குகளை மட்டும் பொறுப்பாக்குவது நியாயமல்ல. வண்டிக்காரர்கள் பாகத்துக்குக் காசு கொடுக்கிறார்கள், கண்டுபிடித்ததற்குக் கொடுப்பதில்லை. ஒரு மணி நேரம் தேடி, அறுந்த வயரைக் கண்டுபிடித்து, பற்றவைத்துக் கொடுத்த மெக்கானிக்கிடம் “ஒரு வயர்தானே, இதுக்கு இவ்வளவா?” என்று கேட்கிறோம், புதிய சி.டி.ஐ. மாட்டியவருக்குப் பேரம் பேசாமல் கொடுக்கிறோம். இந்தக் கூலி முறையில் யோசிப்பவர் நஷ்டப்படுகிறார், பெட்டியை மாற்றுபவர் பிழைக்கிறார். ஆகவே மாற்றம் தொடங்க வேண்டியது நம்மிடமிருந்தும்தான். பட்டறைக்குப் போகும்போது “அப்பப்போ நிக்குது” என்று மொட்டையாகச் சொல்லாமல், எத்தனை தூரம் ஓடிய பிறகு, சூட்டிலா மழையிலா, சட்டென்றா திணறியா, சைலன்சரில் வெடித்ததா, எவ்வளவு நேரம் கழித்து எழுந்தது என்று எழுதிக்கொண்டு போக வேண்டும். அதைக் கேட்டு, அதற்கேற்ற சோதனையைச் செய்து பார்க்கிற மெக்கானிக்குக்குக் கண்டுபிடிப்பதற்கென்றே தனிக் கூலி கொடுக்க வேண்டும். ஒரு பாகத்தை மாற்றச் சொன்னால் எந்தச் சோதனை அதைச் சுட்டிக்காட்டியது என்று கேட்க வேண்டும். கழற்றிய பாகத்தைக் கையில் வாங்கி, அதைத் திரும்பப் போட்டால் கோளாறு திரும்புகிறதா என்று ஒரு முறையாவது பார்க்க வேண்டும். இத்தனையும் செய்த பிறகு புதிய காயில்தான் வேண்டுமென்றால் தாராளமாக வாங்கலாம். அப்போது அது ஊகத்துக்குக் கொடுத்த விலையாக இருக்காது. பழைய வண்டியை ஓடும் நிலையில் வைத்திருக்க விரும்புகிற ஒவ்வொருவரும் கற்க வேண்டிய முதல் பாடம் ஸ்பேனர் பிடிப்பது அல்ல. கோளாறு நடக்கும் நேரத்தில் என்ன நடக்கிறது என்று கவனிப்பது.